கூரைக்கும் வயது உண்டு

மழைக்காலம் வந்தால் நம் சேரிகளில் ஒரே பேச்சுதான்: யார் வீட்டில் காரை பெயர்ந்து விழுந்தது, யார் வீட்டில் பாய் எந்த மூலைக்கு நகர்ந்தது. வெயில் வந்ததும் அந்தப் பேச்சு ஓய்ந்துவிடுகிறது. வீடு கேட்டு நாம் நடத்திய போராட்டங்களின் வரலாறு நமக்குத் தெரியும். பெற்ற வீட்டைக் காக்கும் செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பதை இந்த நினைவு நாளில் கேட்க விரும்புகிறோம்.

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில், 1993இல் கட்டப்பட்ட அரசு அடுக்குமாடிக் குடியிருப்பின் 24 வீடுகள் இடிந்து விழுந்தன. விரிசலைக் கண்டு மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. கான்கிரீட் கட்டடத்துக்கு 28 வயது முதுமை அல்ல.

கட்டடம் ஒரே நாளில் சாவதில்லை. முதலில் மாடித் தளத்தின் மேற்பூச்சு வெடிக்கிறது. தண்ணீர் இறங்குகிறது. உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துரு கம்பியைவிட அதிக இடம் கேட்பதால் கான்கிரீட்டைப் பிளக்கிறது. மேற்பூச்சைச் சரிசெய்வது சிறு செலவு. கம்பி துருத்திய பிறகு பெருஞ்செலவு. அதையும் கடந்தால் இடிப்பதுதான் வழி. ஆகவே பராமரிப்பைத் தள்ளிப்போடுவது சிக்கனம் அல்ல, கடன். அந்தக் கடனைக் கட்டுகிறவர்கள் உள்ளே குடியிருப்பவர்கள்.

அரசிடம் புள்ளிவிவரம் இல்லாமல் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடுகளை நல்ல நிலை, வசிக்கத்தக்கது, பாழடைந்தது என மூன்றாகப் பிரித்தது. பட்டியல் சாதியினருக்குத் தனி அட்டவணையும் உண்டு. ஆனால் குடியிருப்பவர் சொன்ன பதிலே பதிவானது. ஒழுகும் கூரையின் கீழ் பிறந்து வளர்ந்தவர் 'வசிக்கலாம்' என்றுதான் சொல்வார். நம் பழக்கமே அங்கே தரவாகிவிடுகிறது. எந்தப் பகுதி, எந்த ஆண்டு, இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்பது அதில் இல்லை.

இந்திரா குடியிருப்புத் திட்டத்தில் குறைந்தது 60 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆகவே பழைய தொகுப்பு வீடுகளின் கதை பெரும்பாலும் நம் கதை. ஊரகங்களில் பழைய அரசுத் திட்ட வீடுகள் 2.5 லட்சத்தை 2,000 கோடி ரூபாயில் சீரமைப்பதாகத் தமிழக அரசு 2024இல் அறிவித்தது. வகுத்துப் பார்த்தால் வீட்டுக்குச் சராசரி 80,000 ரூபாய். வரவேற்கிறோம். ஆனால் சராசரி எந்த வீட்டுக்கும் பொருந்தாது. ஒரு வீட்டுக்குப் பூச்சு போதும்; பக்கத்து வீட்டுக்குக் கூரையே புதிதாக வேண்டும்.

அதனால் நாமே ஒரு பதிவேடு எழுதுவோம். வீட்டுக்கு ஒரு பக்கம். கூரை, சுவர், அடித்தளம், கழிப்பறை, குழாய், மின்கம்பி என ஒவ்வொன்றுக்கும் கட்டிய ஆண்டு, கடைசியாகப் பழுதுபார்த்த ஆண்டு, இன்றைய நிலை, ஒரு புகைப்படம். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன் புதுப்பிக்க வேண்டும். பிறகு கணக்கு எளிது. எடுத்துக்காட்டாக, 100 வீடுகள் கொண்ட தெருவில் மேற்பூச்சு 10 ஆண்டு தாங்கும், வீட்டுக்கு 30,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 30 லட்சம்; ஆண்டுக்கு 3 லட்சம். இப்படி ஒவ்வொரு பகுதிக்கும் கூட்டினால் 20, 30 ஆண்டுகளுக்கான தேவை தெரியும். அப்போது நாம் கேட்பது இடிந்தபின் தரும் நிவாரணமாக இருக்காது. ஆண்டு வரவு செலவில் ஒரு தலைப்பாக இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. 'பழுதடைந்தது' என்ற சொல் நகரங்களில் மக்களை வெளியேற்றவும் பயன்படும். சென்னையின் நடுவிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்களுக்கு அது தெரியும். எனவே பதிவேடு குடியிருப்போர் கையில் இருக்க வேண்டும். அதிகாரிக்கு நகலைக் கொடுப்போம், மூலத்தை அல்ல. அதே இடத்தில் சீரமைப்பு என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுவோம்.

தோழர்களே, அடுத்த மழைக்கு முன் ஒரு தெருவிலாவது தொடங்குவோம்.