உங்களுக்குத் தெரியுமா? தடிமனைத் தொட்டறியும் ரோலைஃபிளெக்ஸ்

கோடாக் நிறுவனம் 1901-இல் தன் ‘பிரௌனி’ கேமராவுக்காகக் கொண்டுவந்த 120 ஃபிலிம் சுருள் இன்றும் புதிதாகத் தயாராகிறது. தாத்தா காலத்துக் கேமராவில் இப்போது வாங்கிய சுருளைப் போட்டுப் படமெடுக்க முடிவது எவ்வளவு பெரிய கொடுப்பினை!

இந்தச் சுருளின் ஓரங்களில் துளைகள் கிடையாது. ஃபிலிமோடு ஒளி புகாத காகிதம் ஒன்றும் சேர்ந்தே சுற்றியிருக்கும். அதில் அச்சிட்ட எண்களைப் பல பழைய கேமராக்களின் முதுகிலுள்ள சிறிய சிவப்புச் சாளரம் வழியே பார்த்துத்தான் அடுத்த படத்துக்கு நகர்த்த வேண்டும். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் உருவான ரோலைஃபிளெக்ஸ், 1937-இல் வந்த ‘ஆட்டோமேட்’ மாடலில் இந்தச் சிரமத்தைத் தீர்த்தது. அதில் காகிதம் இரண்டு உருளைகளுக்கு நடுவே நுழைந்து செல்லும். ஃபிலிம் தொடங்கும் இடத்தில் தடிமன் இம்மியளவு கூடுமல்லவா? அதை உருளைகள் உணர்ந்ததும் எண்ணும் பொறி தானாக இயங்கத் தொடங்கிவிடும். பேட்டரி கிடையாது, மின்சுற்று கிடையாது. கேமரா வரலாற்றில் இதைவிடப் புத்திசாலித்தனமான பொறியை நான் அறியேன்.

ஒரு சுருளுக்கு 12 சதுரப் படங்கள். ஒவ்வொன்றின் பரப்பும் 35 மி.மீ. ஃபிலிம் படத்தைப்போல் மூன்றரை மடங்குக்கும் அதிகம். பார்ப்பதற்கு மேல் லென்ஸ், பதிவதற்குக் கீழ் லென்ஸ். குனிந்து பார்க்கும் திரையில் இடம் வலமாகத் தெரியும் என்பதால், ஓடும் குழந்தையைப் பின்தொடரக் கை பழக வேண்டும்.

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர் ஹோமாய் வியாரவாலா கையாண்ட கேமராக்களில் ரோலைஃபிளெக்ஸும் ஒன்று.