இணைய விளையாட்டுகளில் சுணக்கம்

இணையவழிப் பல்பயனர் விளையாட்டுகளில் ஒருவர் விசையை அழுத்துவதற்கும் அதன் விளைவு தெரிவதற்கும் இடையே ஏற்படும் தாமதம் சுணக்கம் எனப்படும். விளையாடுவோர் இதனை 'லேக்' என்பர். இது இரு வகைப்படும்.

தரவுப் பொதிகள் வழங்கிக்குச் சென்று திரும்ப எடுக்கும் நேரம் வலையமைப்புச் சுணக்கம் ஆகும். ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கி.மீ. செல்கிறது. இலண்டனுக்கும் நியூயார்க்கிற்கும் இடையே ஏறத்தாழ 5,570 கி.மீ. தொலைவு உள்ளதால், இழை நேராக அமைந்தாலும் சென்று திரும்ப 55 மில்லிநொடிகளுக்குக் குறையாது. எவ்வளவு விலையுயர்ந்த கணினியும் இதனை மாற்றாது.

ஆகவே சுணக்கத்தை மறைக்கும் உத்திகள் தோன்றின. 1996 இல் வெளியான குவேக்வேர்ல்டு, வழங்கியின் விடைக்குக் காத்திராமல் விளையாடுபவரின் நகர்வை அவரது கணினியிலேயே முன்கணித்துக் காட்டியது. பின்னர் ஆஃப்-லைஃப் விளையாட்டில், சுட்டவர் தம் திரையில் கண்ட கணத்திற்கு வழங்கி பின்னோக்கிச் சென்று, குண்டு பட்டதா எனத் தீர்மானித்தது. சுட்டவருக்கு இது நியாயமே. ஆனால் சுடப்பட்டவரோ, சுவருக்குப் பின் ஒளிந்த பிறகும் இறக்க நேரிடுகிறது. உண்மையில் தாமதம் நீங்கவில்லை. மற்றவர் தலையில் ஏற்றப்படுகிறது.

வழங்கியே கணக்கீட்டுச் சுமை தாளாமல் பின்தங்குவது மற்றொரு வகை. இதற்கு விரைவான இணைப்பு உதவாது. ஈவ் ஆன்லைன் விளையாட்டில் பெருந்திரள் கூடும்போது விளையாட்டின் காலமே மெதுவாக்கப்படுகிறது. 2014 சனவரியில் நிகழ்ந்த பெரும்போர் ஒன்று இயல்பு வேகத்தின் 10 விழுக்காட்டில், ஏறத்தாழ 21 மணி நேரம் நீடித்தது.