முகாமில் பிறந்தால் இந்தியரா? பிறந்த தேதி முடிவு செய்யும் குடியுரிமை

திருத்தங்கல்லில் பிறந்த உங்களிடம் யாராவது ‘நீங்க இந்தியரா?’ன்னு கேட்டா சிரிச்சிருவீங்க. இதே விருதுநகர் மாவட்டத்தில், குல்லூர்சந்தை இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்தவருக்கு அது சிரிப்பு வரும் கேள்வி இல்லை.

என்ன காரணம்?

1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர்களுக்குப் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. அதன்பின் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பரில் விதி இன்னும் இறுகியது.

1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்க 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதே முகாமில் 1988-ல் அகதிப் பெற்றோருக்குப் பிறந்தவருக்கு இந்த வழி இல்லை.

யார் மாற்றலாம்?

அரசியலமைப்பின் 11-வது பிரிவு இந்த அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. சாதாரணப் பெரும்பான்மை போதும். அரசியலமைப்பையே திருத்துவதென்றால், வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை.

2019-ல் சிஏஏ மசோதா மாநிலங்களவையில் 125-105 என நிறைவேறியது. அது அரசியலமைப்புத் திருத்தமாக இருந்திருந்தால் 154 வாக்குகள் வேண்டியிருக்கும். அந்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருக்கு, இலங்கை இல்லை.

இலங்கையைச் சேர்க்கவும் அதே சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆனா, அதைக் கேட்க வேண்டியவங்களுக்கு ஓட்டு இல்லை.