பசங்களுக்குத் தெரியலையா, காதுல விழலையா?

ஓசூர்ல வேலைக்கு ஆள் எடுக்கிறவங்க நாலு பேர் ஒண்ணா உட்கார்ந்தா பத்து நிமிஷத்துல இந்தப் பேச்சு வந்துடும். "டிப்ளமோ முடிச்சிருக்கான் சார், ஆனா பொது அறிவு சுத்தமா பூஜ்ஜியம்." சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஆளெடுக்கும் நண்பர் போன மாசம் ஒரு உதாரணம் சொன்னார். சுவர்க் கடிகாரத்தைக் காட்டி மணி என்னன்னு கேட்டாராம். பையன் பாக்கெட்டில் கை விட்டு செல்போனைப் பார்த்துச் சொன்னானாம். 1980-களில் இருந்து டைட்டன் வாட்ச் தயாராகிற ஊரில்!

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். ஆனா அந்தப் பையனை எடுக்கலை. அவன் கைவேலை எப்படின்னு பார்க்கிற வரைக்கும் விஷயம் போகவே இல்லை. அதனாலதான் இதைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கணும்னு தோணுச்சு. கோடு எழுதிப் பிழைக்கிறவன் நான். ஒரு பக் இருக்குன்னு யாராவது சொன்னா, அது எப்பலேர்ந்து இருக்குன்னுதான் முதல்ல கேட்பேன்.

இந்தப் புலம்பலுக்கு வயசு நூறுக்கு மேல. 1917-ல் பெல், மெக்கல்லம் என்ற ரெண்டு பேர் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. டெக்சாஸ் மாநிலத்தில் பள்ளி, கல்லூரி மாணவர்கள் சுமார் 1,500 பேரிடம் அவங்க நாட்டு வரலாற்றின் அடிப்படை விவரங்களைக் கேட்டிருந்தாங்க. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் வாங்கினது மூணில் ஒரு பங்கு மார்க். 1492-ல் கொலம்பஸ் வந்தது தெரியுது, 1776-ல் சுதந்திரப் பிரகடனம் வந்தது தெரியலை. அப்புறம் 1987-ல் டயான் ராவிச், செஸ்டர் ஃபின் ரெண்டு பேரும் 17 வயசுக்காரங்களுக்கு என்ன தெரியும்னு ஒரு புத்தகமே போட்டாங்க. உள்நாட்டுப் போர் எந்த அரை நூற்றாண்டில் நடந்ததுன்னு மூணில் ரெண்டு பேருக்குத் தெரியலை என்பது அதில் பரபரப்பான செய்தி. கணக்குப் போட்டா, 1917-ல் தேறாதவங்களோட பேரப் பிள்ளைகள்தான் 1987-ல் தேறாதவங்க. நடுவுல எல்லாம் தெரிஞ்ச தலைமுறை எப்ப வந்துட்டுப் போச்சுன்னு யாரும் சொல்லலை.

நம்ம ஊர் விஷயத்துக்கு வரேன். "எங்க காலத்துல" என்று ஆரம்பிக்கிறவங்க யாருன்னு முதல்ல பாருங்க. 2004-ல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆச்சு, அதுக்கு முன்னாடி நாம எல்லாரும் தர்மபுரி மாவட்டம். 1991 கணக்கெடுப்பில் தர்மபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 46 சதவீதம், தமிழ்நாடு மொத்தத்துக்கும் 62 சொச்சம். 2011-ல் கிருஷ்ணகிரி 71-ஐத் தாண்டிடுச்சு. நான் பிளஸ் டூ எழுதும்போது, என்கூட ஆரம்பப் பள்ளியில் இருந்த பலர் கல் குவாரியிலும் மாந்தோப்பிலும் பட்டுப்பூச்சிக் கொட்டகையிலும் இருந்தாங்க. பாகலூர், தளி பக்கம் போனா இன்னும் அதிகம். பரீட்சை ஹாலுக்கு வந்து சேர்ந்தவங்கள்ல பாஸ் பண்ணி, காலேஜ் போய், இன்னிக்கு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்கிறவங்கதான் "எங்க காலம்" என்று பேசறாங்க. மேஜைக்கு இந்தப் பக்கம் இருக்கிற பையன் பல வீட்டில் முதல் தலைமுறையாப் பத்தாவது தாண்டினவன். அவனோட அப்பா அதே வயசில் இன்டர்வியூவுக்கு வந்திருக்கவே மாட்டார். பங்கை மாத்தாம பகுதியை மாத்தினா பின்னம் வேற ஆகத்தானே செய்யும்.

இன்னிக்கு நிலைமை எப்படின்னு ஓரளவு சொல்றது அசர் அறிக்கைகள். 2017-ல் 24 மாநிலங்களின் 28 மாவட்டங்களில் கிராமம் கிராமமா, வீடு வீடாப் போய் 14 முதல் 18 வயசு வரை உள்ள 28,000-க்கும் மேற்பட்டவங்களைப் பார்த்தாங்க. பள்ளியில் இல்லாதவங்களும் இதில் உண்டு. இந்திய வரைபடத்தைக் காட்டினா அது இந்தியான்னு சொன்னவங்க 86 சதவீதம். நாட்டின் தலைநகரம் சொன்னவங்க 64. தான் இருக்கிற மாநிலத்தின் பேரைச் சொன்னவங்க 79, அதை வரைபடத்தில் தொட்டுக் காட்டினவங்க 42. கடிகாரத்தில் மணியை மட்டும் சரியாச் சொன்னவங்க 83, மணியும் நிமிஷமும் சேர்த்துச் சரியாச் சொன்னவங்க 60-க்குக் கொஞ்சம் கீழே. ஆக, நண்பர் பார்த்த பையன் அபூர்வப் பிறவி இல்லை. பத்துப் பேரில் நாலு பேர் அப்படித்தான்.

இந்த எண்கள் எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. அதே சமயம் பசங்களோட மூளை மழுங்கிப் போச்சுன்னு இதை வச்சு முடிவு கட்ட முடியாது. ஜேம்ஸ் ஃபிளின் என்ற நியூசிலாந்துப் பேராசிரியர் வாழ்நாள் முழுக்கப் பார்த்த விஷயம் இதுக்கு ரொம்பப் பக்கத்தில் வருது. தலைமுறைக்குத் தலைமுறை ஐக்யூ மார்க் ஏறிக்கிட்டே வந்ததை உலகத்துக்குக் காட்டினவர் அவர். பலருக்குத் தெரியாத பகுதி எதுன்னா, அந்தப் பரீட்சையின் எல்லாப் பகுதியும் ஒரே மாதிரி ஏறலை. அமெரிக்கக் குழந்தைகளுக்கான தேர்வில் 1947-லிருந்து 2002 வரைக்கும், "ரெண்டு பொருளுக்கு என்ன ஒற்றுமை" என்ற வகைக் கேள்விகளில் ஏற்றம் 24 புள்ளி. பொது அறிவுப் பகுதியில் ஏற்றம் வெறும் 2 புள்ளி. சொல்வளத்தில் 4 புள்ளி சொச்சம். ஆனா பெரியவங்களுக்கான தேர்வில் இதே மாதிரி அரை நூற்றாண்டில் சொல்வளம் 17 புள்ளி ஏறியிருக்கு. அப்பா அம்மாவின் வார்த்தைகள் பெருகிக்கிட்டே போகுது, கூடவே இருக்கிற பிள்ளைக்கு அது போய்ச் சேரலை. 1950-களின் பிள்ளைகளுக்குப் பெற்றோர் பேசறது புரியவும் செய்யும், அதே மாதிரி பேசவும் வரும். இப்போ புரியுது, பேச வரலை. ஃபிளின் சொன்னது இது. வீட்டுக்குள்ளேயே ரெண்டு தனித்தனி உலகம் ஆயிடுச்சு என்பது அவர் வாதம்.

அமெரிக்க எண்ணை அப்படியே தேன்கனிக்கோட்டைக்குக் கொண்டு வர முடியாது, ஒத்துக்கிறேன். ஆனா அந்தக் கோணம் எனக்குப் பிடிச்சது. அதுக்கப்புறம் யாரையாவது பொது அறிவுக் கேள்வி கேட்டா, கூடவே இன்னொண்ணும் கேட்க ஆரம்பிச்சேன். "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஐம்பது அறுபது வயசுக்காரங்க கிட்ட கேட்டுப் பாருங்க. "ஸ்கூல்ல படிச்சேன்" என்ற பதில் ரொம்பக் குறைவா வரும். ரேடியோவில் செய்தி ஓடும், அப்பா ஷேவிங் பண்ணிக்கிட்டே கேட்பார், நமக்கும் காதுல விழும். டீக்கடையில் ஒரு தினத்தந்தி நாலு துண்டாப் பிரிஞ்சு நாலு மேஜைக்குப் போகும். பஸ் போர்டு, மைல் கல், மளிகைச் சாமான் மடிச்சுத் தந்த பேப்பர், தீப்பெட்டிப் படம். எங்க பக்கத்தில் கூடுதலா ஒண்ணு உண்டு. ஆன்டெனாவை பெங்களூர் பக்கம் திருப்பி வச்சிருப்போம், அதனால கன்னடச் செய்தி வேற. இதில் எதையும் தெரிஞ்சுக்கணும்னு யாரும் உட்காரலை. வேற வழி இல்லாம கேட்டோம். ஒரு வீட்டுக்கு ஒரு பெட்டி, ஒரு சேனல். எங்க அறிவில் பாதி, போரடிச்சதோட மிச்சம்.

நாலணாவை எடுத்துக்குங்க. 1957 ஏப்ரல் 1-ம் தேதி அணாக் கணக்கு போய், ரூபாய்க்கு 100 நயா பைசா வந்தது. நான் பிறக்கறதுக்கு ரொம்ப முன்னாடி. ஆனா எங்க வயசுக்காரங்க எல்லாரும் நாலணா, எட்டணான்னுதான் பேசினோம். ஏன் அது ரெண்டும் மட்டும் பிழைச்சது? 16 அணா ஒரு ரூபாய் என்றால் நாலணா சரியா 25 பைசா, எட்டணா சரியா 50 பைசா. ஓரணா என்றால் 6.25 பைசா, ரெண்டணா 12.5. அதுக்கு ஏத்த புதுக் காசு இல்லை, சொல் செத்துப் போச்சு. காசு கையில் இருந்ததால் சொல் நாக்கில் இருந்தது. 2011 ஜூன் முடிஞ்சதோட 25 பைசா செல்லாமப் போச்சு. இன்னிக்குப் பதினாறு வயசுப் பிள்ளை கைக்கு அது வந்ததே இல்லை. "எட்டணாவுக்குப் பிரயோஜனமில்லை" என்று அப்பா திட்டினா திட்டுதான்னு புரியும், எட்டணா எவ்வளவுன்னு தெரியாது. ஃபிளின் சொன்ன அதே நிலைமை. இதை அறியாமைன்னு சொல்லணும்னா, ரெண்டணா எத்தனை பைசான்னு என் வயசுக்காரங்களையும் நிக்க வச்சுக் கேட்கணும்.

கடிகாரமும் அப்படித்தான். முள் கடிகாரம் ஹாலில் இருந்தது, எல்லாரும் அதைப் பார்த்துத்தான் கிளம்பணும். இப்ப ஆளாளுக்கு ஒரு கடிகாரம், அதில் எண் நேரா எழுதியிருக்கு. முள்ளைப் படிக்கிறதுக்கு ஒரு மதியம் போதும். அதை வச்சு ஒருத்தனோட புத்தியை எடை போடறது எனக்குச் சரியாப் படலை.

அவங்களுக்குத் தெரிஞ்சது பத்தி யாரும் இன்டர்வியூவில் கேட்கறதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே ஓலாவும், ஓசூரில் ஏத்தரும் மின்சார ஸ்கூட்டர் செய்யறதால, பேட்டரி கிலோவாட் மணின்னா என்ன, வெயிலில் சார்ஜ் போட்டா ஏன் மெதுவா ஏறுதுன்னு பதினேழு வயசுப் பையன் நின்ன இடத்தில் விளக்கறான். எனக்கு அந்த வயசில் கார்புரேட்டர் பேர் மட்டும் தெரியும். லைன் வீடுகளில் ஒடிசா, பீகார் குடும்பங்கள் பக்கத்தில் இருக்கறதால, எங்க தலைமுறை புத்தகம் வச்சும் கத்துக்காத இந்தியைப் பிள்ளைங்க கிரிக்கெட் ஆடியே பேசறாங்க. தெலுங்கும் கன்னடமும் நாங்க கத்துக்கிட்ட அதே முறை.

அப்போ பிரச்சினையே இல்லையான்னா, இருக்கு. எனக்கு உண்மையிலேயே கவலை தந்தது வேற ஒரு கேள்வி.

கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி வழியற வீடியோவை இங்கே பார்க்காத பிள்ளை கிடையாது. பனி மாதிரி பறக்கும், ரீல்ஸ் போடுவாங்க. அந்தத் தண்ணி எங்கேயிருந்து வருது, எங்கே போகுதுன்னு கேட்டா முழிக்கறாங்க. தென்பெண்ணை கர்நாடகாவில் நந்தி மலைப் பக்கம் பிறக்குது, அங்கே அதுக்குத் தட்சிண பினாகினின்னு பேரு. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் சேர்ற கழிவு நீர் இந்த ஆத்தில்தான் வந்து விழுது. அங்கேயிருந்து எல்லை தாண்டி கெலவரப்பள்ளி, அப்புறம் கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, கடைசியில் கடலூரில் கடல். பெரியவங்களுக்கு இது ஏன் தெரிஞ்சிருக்குன்னா, ஆறு காய்ஞ்சா பயிர் போகும், யார் மேல தண்ணியை மறிச்சாங்கன்னு திண்ணையில் சண்டை நடக்கும், பிள்ளைங்க கேட்கும். சிப்காட் சம்பளத்தில் ஓடற வீட்டில் அந்தச் சண்டையே இல்லை.

"கூகுள்ல தேடினா வந்துடாதா?" வரும். கூகுள் இருக்கறதால நினைவு அழியுதுன்னு பேட்டி கொடுக்கிறவங்களை நான் அவ்வளவா நம்பறதில்லை. 2011-ல் அப்படிச் சொன்ன பிரபலமான ஆய்வின் ஒரு முக்கியச் சோதனையை 2018-ல் திரும்பச் செஞ்சப்போ அதே முடிவு வரலை. சிக்கல் நினைவில் இல்லை, கேள்வியில் இருக்கு. தேடறதுக்கு ஒரு கேள்வி வேணும். நுரையைப் பார்த்ததும் "மேலே யாரு?" என்று கேட்கத் தோணணும்னா, ஆத்துக்கு மேல், கீழ் உண்டு, மேலே இன்னொரு மாநிலம் இருக்கு என்ற கோட்டுப் படம் மனசில் முன்னாடியே இருக்கணும். 2023 அசர் ஆய்வில், ஸ்மார்ட்போன் கொண்டு வர முடிஞ்ச 14–18 வயசுக்காரங்களில் கிட்டத்தட்ட 80 சதவீதம் பேர் கேட்ட வீடியோவை யூடியூப்பில் கண்டுபிடிச்சுக் கொடுத்தாங்க. கூகுள் மேப்ஸில் ஒரு இடத்துக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்னு பார்த்துச் சொன்னவங்க மூணில் ஒரு பங்கு சொச்சம்தான். எண்ணிக்கை குறைஞ்சது போன் தெரியாததால இல்லை.

நண்பர் கிட்ட இதையெல்லாம் சொன்னேன். "சரி, இன்டர்வியூவில் என்ன கேட்கட்டும்?" என்றார். தெரியாத ஒண்ணைக் கொடுத்து, போனையும் கையில் கொடுத்து, பத்து நிமிஷம் கழிச்சு வந்து என்னென்ன தேடினான்னு பாருங்க என்றேன். அடுத்த பேட்சுக்குச் செஞ்சு பார்க்கிறதா சொல்லியிருக்கார்.

வீட்டில் நான் செஞ்சது இன்னும் சின்னது. அக்கா பையன் பத்தாவது படிக்கிறான். ஒரு ஞாயித்துக்கிழமை சாட்டிலைட் படத்தில் நந்தி மலையில் விரலை வச்சு, ஆத்தோட கடலூர் வரைக்கும் நகர்த்திக்கிட்டே போகச் சொன்னேன். வர்த்தூர் ஏரிக்கிட்ட நிறுத்தி, சுத்தி இருக்கிற கட்டடங்களைப் பெரிசாக்கிப் பார்த்தான். சாத்தனூர் தாண்டினதும், "மாமா, கடலூர்க்காரங்க இதைத்தான் குடிக்கிறாங்களா?" என்று கேட்டுட்டு, நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவனே டைப் பண்ண ஆரம்பிச்சுட்டான்.