களிக்கு ஒரு முறை, மணலுக்கு ஒரு முறை
கரையோர வீட்டுக்கு ஏற்ற செப்டிக் தாங்கியைத் தேர்வதும் அமைப்பதும்

முருங்கனில் நிலம் கருங்களி. கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயல்வெளிகளில் காலை வைத்தால் மாரியில் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும்; கோடையில் அதே நிலம் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அங்கிருந்து மன்னார் வீதியில் போய்ப் பாலத்தைத் தாண்டினால் மன்னார்த் தீவு; எருக்கலம்பிட்டி, பேசாலை, தலைமன்னார் வரை மணல். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் மண் தலைகீழாக மாறிவிடுகிறது. ஆனால் இரண்டு இடங்களிலும் வீடு கட்டுபவர்கள் பெரும்பாலும் ஒரே அளவில் ஒரு தாங்கியையும் அதன் பக்கத்தில் வட்டமாக ஓர் உறிஞ்சு குழியையும் கட்டச் சொல்லி மேசனிடம் விட்டுவிடுகிறார்கள்.

இதனால் முருங்கன் வீட்டில் மாரி பிறந்ததும் மலசலகூடத்தில் தண்ணீர் இறங்க மறுக்கிறது. தீவு வீட்டில் எந்தத் தொல்லையும் தெரிவதில்லை. ஊற்றியதெல்லாம் உடனே இறங்கிவிடுகிறது. உண்மையில் இரண்டாவதுதான் பெரிய ஆபத்து. அது ஏன் என்று விளங்க, தாங்கிக்குள் நடப்பதை முதலில் பார்க்க வேண்டும்.

தாங்கி செய்யும் வேலை

செப்டிக் தாங்கியில் மோட்டாரும் இல்லை, மருந்தும் இல்லை. அதன் வேலை கழிவுநீரின் வேகத்தைக் குறைத்து, குறைந்தது ஒரு நாளாவது அசையாமல் வைத்திருப்பது. அந்த நேரத்தில் கனமானவை அடியில் சேறாகப் படிகின்றன. எண்ணெயும் கொழுப்பும் மேலே ஏடாகத் திரள்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஓரளவு தெளிந்த நீர் நிற்கிறது. காற்றில்லாத அந்த இருட்டில் வாழும் பக்டீரியாக்கள் சேற்றைச் சிறுகச் சிறுகச் சிதைத்து அதன் பருமனைக் குறைக்கின்றன. மீதேன், ஐதரசன் சல்பைட்டு போன்ற வாயுக்கள் வெளியாகின்றன.

பிரான்சின் வெசூல் நகரில் ஜான் லூயி மூரா என்பவர் 1860 அளவில் தம் வீட்டுக்கு இத்தகைய மூடிய தொட்டியைக் கட்டினார். 1881-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் எக்ஸீற்றர் நகரில் டொனால்ட் கமரன் 1895 அளவில் அமைத்த தொட்டியிலிருந்துதான் இன்றைய பெயர் பரவியது. நூற்றாண்டு கடந்தும் அடிப்படை மாறவில்லை.

ஆனால் இந்தத் தொட்டியால் முடிவது கொஞ்சம்தான். கழிவுநீரிலுள்ள கரிமப் பொருளில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரையே தாங்கி அகற்றுகிறது. வெளியேறும் நீர் பார்வைக்குத் தெளிந்திருந்தாலும் வயிற்றோட்டத்தையும் நெருப்புக் காய்ச்சலையும் மஞ்சள் காமாலையையும் தரக்கூடிய கிருமிகள் அதில் இருக்கின்றன. மீதி வேலையைச் செய்வது மண். மண்துகள்களுக்கிடையே காற்றும் இருக்கும்போது, இரண்டு மூன்று அடி ஆழ மண்ணைக் கடந்து இறங்குவதற்குள் பெரும்பாலான பக்டீரியாக்கள் சிக்கி அழிந்துவிடுகின்றன. ஆகவே வாங்குவது தாங்கி மட்டுமல்ல. தாங்கியும் மண்ணும் சேர்ந்த ஓர் ஏற்பாடு. மண் தன் பங்கைச் செய்யாத இடத்தில் எத்தனை விலையுயர்ந்த தாங்கியும் உதவாது.

முதலில் ஒரு குழி வெட்டிப் பார்க்க வேண்டும்

மண்ணின் குணத்தை அறியும் சோதனைக்குச் செலவே இல்லை. உறிஞ்சு கால்வாய் வரப்போகும் இடத்தில், வரப்போகும் ஆழத்துக்கு, ஓர் அடி அகலத்தில் குழி வெட்டுங்கள். அதை நீரால் நிரப்பி, வற்ற வற்ற மீண்டும் நிரப்பி, ஓர் இரவு முழுக்க ஊறவிடுங்கள். மறுநாள் ஆறு அங்குல உயரத்துக்கு நீர் விட்டு, அரை மணிக்கொரு தடவை எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் பாருங்கள். ஓர் அங்குலம் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தால் வழக்கமான உறிஞ்சு அமைப்புக்கு அந்த மண் உதவாது. ஒரு நிமிடத்துக்குள் ஓர் அங்குலம் இறங்கினாலும் உதவாது. கிருமியைப் பிடித்து வைக்கும் அளவுக்கு அந்த மண்ணில் நீர் தங்குவதில்லை. முருங்கன் களியும் தீவின் மணலும் இந்த இரண்டு எல்லைகளை ஒட்டியே நிற்கின்றன.

முருங்கனில் இந்தச் சோதனையைக் கோடையில் செய்தால் மண் ஏமாற்றிவிடும். இந்தக் களியில் நீரைக் குடித்து ஊதும் கனிமங்கள் நிறைய உண்டு. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு ஒரு காலத்தில் ரயிலேறிப் போன களியும் முருங்கனுடையதுதான். கோடை வெடிப்புகளின் வழியே ஊற்றிய நீர் மளமளவென்று ஓடிவிடும். மண் அருமையாக உறிஞ்சுகிறது என்று தோன்றும். மாரி பிடித்ததும் களி ஊதி வெடிப்புகள் மூடிக்கொள்ளும். அதன் பிறகு நீருக்கு வழியில்லை. எனவே சோதனையைக் கார்த்திகை, மார்கழியில் செய்வதே சரி. அதுவரை காத்திருக்க முடியாதவர்கள் ஓர் இரவுக்குப் பதில் இரண்டு மூன்று நாள் ஊறவிட்ட பிறகே அளக்க வேண்டும்.

முருங்கன் களியில்

கணக்குப் போட்டால் சிக்கல் தெளிவாகும். தாங்கியிலிருந்து வரும் நீரில் ஒரு சதுர மீற்றர் மண் ஒரு நாளில் உறிஞ்சக்கூடியது, பருமணலில் ஏறக்குறைய 50 லீற்றர். ஊதும் களியில் 10 லீற்றருக்கும் குறைவு. ஐந்து பேர் உள்ள வீட்டில் மலசலகூட நீர் மட்டும் நாளுக்கு 200 லீற்றர் என்று கொள்வோம். மணலில் 4 சதுர மீற்றர் பரப்புப் போதும். களியில் 20 சதுர மீற்றருக்கு மேல் வேண்டும். ஒரு மீற்றர் விட்டமும் ஒன்றரை மீற்றர் ஆழமும் கொண்ட வட்டக் குழியின் சுவர்ப் பரப்போ 5 சதுர மீற்றரைத் தொடாது. குழி நிரம்பி வழிவதற்கு மேசன் பொறுப்பல்ல. அந்தக் குழியால் அதற்கு மேல் இயலாது.

களியில் ஆழமாகப் போவதால் பயனில்லை. அகலமாகவும் ஆழம் குறைவாகவும் போக வேண்டும். ஓரிடத்தில் ஒரு குழிக்குப் பதிலாக, இரண்டு அடி அகலத்தில் ஆழமற்ற கால்வாய்களை வெட்டி, சல்லிக்கல் நிரப்பி, துளையிட்ட பிவிசி குழாய் பதிக்க வேண்டும். 60 சென்ரிமீற்றர் உயரத்துக்குச் சல்லி நிரம்பிய கால்வாயின் இரு பக்கச் சுவர்களையும் சேர்த்தால், மேற்சொன்ன 20 சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 17 மீற்றர் நீளம் தேவை. அதே நீளத்தில் இரண்டு வரிசை வெட்டி, ஒன்றை ஓய்வில் விட்டு மற்றதைப் பயன்படுத்தும்படி அடைப்பு வைத்தால் இரண்டும் நீண்டகாலம் உழைக்கும். வெட்டும்போது களி ஈரமாக இருக்கக் கூடாது. ஈரக்களியை மண்வெட்டி இழுத்தால் சுவர் மெழுகினாற்போல் அடைபட்டுவிடும்.

குளியல் நீரையும் சமையலறை நீரையும் இந்தக் கால்வாய்க்கு அனுப்பாமல், கொழுப்பைப் பிடிக்கும் சிறு தொட்டி ஒன்றைக் கடத்தி வாழைக்கும் தென்னைக்கும் விடலாம். ஆண்டில் பெரும்பகுதி வெயில் எரிக்கும் பிரதேசத்தில் ஆவியாதலும் செடிகளின் வேரும் நமக்குக் கைகொடுக்கும். தாங்கியின் சுவரைச் சுற்றியும் களியை நேரடியாக நெருக்காமல் ஓர் அடி அகலத்துக்கு மணலோ கிரவலோ போட வேண்டும். களி ஊதிச் சுருங்கும்போது சுவரில் வெடிப்பு விழாமல் அது காக்கும்.

தீவின் மணலில்

மன்னார்த் தீவின் நன்னீர், மணலுக்குள் இறங்கிய மழைநீர்தான். கடல்நீரைவிட அடர்த்தி குறைந்ததால் அது உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே 40 அடி வரை நன்னீர் நிற்க முடியும் என்பதை ஒல்லாந்தின் கைபனும் ஜேர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் நூற்றாண்டுக்கு முன்பே வெவ்வேறாகக் கண்டறிந்தார்கள். தாழ்ந்த, ஒடுங்கிய தீவில் நீர்மட்டம் கடலைவிடச் சிறிதே உயர்ந்திருப்பதால் இந்த நன்னீர்ப் படலம் மெல்லியது. நாம் கழிவுநீரை இறக்குவதும் கிணற்றில் அள்ளுவதும் அதே படலத்தில்தான்.

மணல் நீரைத் தடுத்து நிறுத்துவதில்லை. மாரியில் நீர்மட்டம் உயர்ந்து உறிஞ்சு குழியின் அடியைத் தொட்டுவிட்டால், கிருமியைக் கொல்லும் காற்றுள்ள மண் அங்கே இல்லாமல் போகிறது. கழிவுநீர் நேராக நிலத்தடி நீரில் கலந்து பக்கத்துக் கிணற்றை நோக்கி நகர்கிறது. கிருமி ஒருவாறு அடங்கினாலும் நைத்திரேற்று அடங்காது. மண் அதைப் பிடித்து வைப்பதில்லை. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிஞ்சினால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும் அபாயம் உண்டு. யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் நிலத்தில் தோட்டப் பசளையும் மலசலகூடக் குழிகளும் சேர்ந்து கிணறுகளில் நைத்திரேற்றைக் கூட்டியதைப் பல ஆண்டுகளாக ஆய்வாளர்கள் எழுதிவருகிறார்கள். தீவு அந்த வழியில் போக வேண்டியதில்லை.

இங்கே மூன்று விதிகள் உயிரானவை. உறிஞ்சும் இடத்தின் அடிமட்டம் மாரிக்கால நீர்மட்டத்துக்குக் குறைந்தது 1.5 மீற்றர் மேலே இருக்க வேண்டும். எந்தக் கிணற்றுக்கும் 30 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும். இடர்கால மீட்புப் பணிகளுக்கான ஸ்பியர் கைநூல் வகுத்த இந்த இரண்டு அளவுகளும் நம் கரையோரத்துக்கு நன்றாகப் பொருந்தும். அயலவரின் கிணற்றையும் சேர்த்தே அளக்க வேண்டும் என்பது மூன்றாவது.

நீர்மட்டம் அவ்வளவு தாழ்வாக இல்லாவிட்டால் கீழே தோண்டாமல் மேலே எழுப்ப வேண்டும். தரையின் மேல் இரண்டு அடி உயரத்துக்குச் சுத்தமான மணல் கொட்டி, அதன்மேல் சல்லிப் படுக்கையும் துளைக்குழாயும் வைத்து, மண்ணால் மூடிப் புல் வளர்க்கும் மேட்டு முறையை அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தார் 1970-களில் செம்மைப்படுத்தினார்கள். பம்பி இல்லாமல் நீர் தானாக மேட்டுக்குப் போக வேண்டுமானால் மலசலகூடத்தின் தரையை உயர்த்திக் கட்ட வேண்டும். அதை அத்திவாரம் போடும் நாளிலேயே தீர்மானிக்க வேண்டும். தாங்கிக்கு அடுத்து, சல்லி நிரப்பிய அறையொன்றில் நீரைக் கீழிருந்து மேலாக ஏறவிடும் வடிகட்டியைச் சேர்த்தால் மேட்டுக்குப் போகும் நீர் இன்னும் தெளியும்.

தாங்கியைத் தேர்வதும் பதிப்பதும்

ஐந்து பேர் வீட்டின் கழிவுநீர் முழுவதும் நாளுக்கு 600 லீற்றர் என்றால், ஒரு நாள் தங்கலுக்கு 600. ஆளுக்கு ஆண்டுக்கு 40 லீற்றர் சேறு என மூன்று ஆண்டுக்கு இன்னொரு 600. ஏட்டுக்கும் விருந்தினருக்கும் இடம் விட்டால் 2,000 லீற்றர் நல்ல அளவு. உள்ளளவு 6 அடி நீளம், 3 அடி அகலம், நீரின் ஆழம் 4 அடி என்று வைத்தால் ஏறக்குறைய அவ்வளவு வரும். இடைச்சுவர் வைத்து முதலறைக்கு மூன்றில் இரண்டு பங்கு கொடுக்க வேண்டும். நீர் புகும் வாயிலும் வெளியேறும் வாயிலும் 'ரி' வடிவக் குழாய் அவசியம். அது இல்லாவிட்டால் மேல் ஏடு அப்படியே வெளியே போய் மண்ணை அடைத்துவிடும். வெளியேறும் வாய், புகும் வாயைவிட இரண்டு மூன்று அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். அடித்தளம் வைக்காத குழியைத் தாங்கி என்று யார் சொன்னாலும் ஏற்கக் கூடாது. இலங்கைத் தர நிர்ணயம் எஸ்.எல்.எஸ். 745 இவற்றுக்கான விதிகளைத் தருகிறது.

கடற்கரையில் கொங்கிறீற்றுக்குக் கடல்மணல் சேர்த்தால் அதன் உப்பு உள்ளிருக்கும் கம்பியைத் துருவேற்றும். தாங்கிக்குள் எழும் ஐதரசன் சல்பைட்டு மூடியின் அடிப்புறத்தில் அமிலமாக மாறிச் சீமெந்தை அரிக்கும். எனவே மூடியின் கம்பிக்குக் கீழே தடிப்பான பூச்சு வேண்டும். பிளாஸ்ரிக் தாங்கியை உப்பும் அமிலமும் அரிக்காது. ஆனால் நீர்மட்டம் உயரும் மணலில் அது மிதந்துவிடும். நீரில் மூழ்கிய 2,000 லீற்றர் வெற்றுத் தாங்கியை மேல்நோக்கித் தள்ளும் விசை ஏறக்குறைய இரண்டு தொன். அடியில் கொங்கிறீற்றுப் பலகை இட்டு, பட்டையால் அதனோடு பிணைத்து, உள்ளே நீர் நிரப்பியபடியே சுற்றிலும் மணல் போட வேண்டும்.

பராமரிப்பும் பொறுப்பும்

ஆண்டுக்கொருமுறை நீண்ட தடியில் வெள்ளைத் துணி சுற்றி இறக்கிப் பார்த்தால் சேற்றின் உயரம் கறையாகத் தெரியும். மூன்றிலொரு பங்கு ஆனதும் பவுசரை அழைக்க வேண்டும். அதைக் கோடையில் செய்வதே நல்லது. மாரியில் வெறுமையான தாங்கி எழும்பிவிடும். பக்டீரியாத் தூள் வாங்கத் தேவையில்லை, மலத்திலேயே வேண்டியளவு உண்டு. அமிலத்தையும் குளோரின் திரவத்தையும் அளவுக்கு மீறி ஊற்றினால் அந்தப் பக்டீரியாக்கள் செத்துவிடும். காற்றுக்குழாயின் வாயில் வலை கட்டாவிட்டால் யானைக்கால் நோய் பரப்பும் கியூலெக்ஸ் நுளம்பு உள்ளே பெருகும். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் அந்த நோயை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016-ல் அறிவித்தது. அந்த வெற்றியைக் காப்பது வீட்டுக்கு வீடு உள்ள வலையும்தான். எக்காரணம் கொண்டும் யாரும் தாங்கிக்குள் இறங்கக் கூடாது; விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து இறந்த துயரம் பல ஊர்களில் நடந்திருக்கிறது.

இது ஒரு வீட்டாரின் காணிக்குள் முடிந்துவிடும் காரியமல்ல. மன்னார் நகருக்குக் குழாய்வழி போகும் குடிநீர் முருங்கன் பக்கத்து நிலத்தடியிலிருந்து எடுக்கப்படுகிறது. தீவில் ஒவ்வொரு குழியும் யாரோ ஒருவரின் கிணற்றுக்கு அயல். ஆகவே வீட்டு வரைபடத்தைப் பிரதேச சபைக்குக் கொடுக்கும்போதே மண் சோதனையின் முடிவையும் மாரிக்கால நீர்மட்டத்தையும் அதில் குறிப்பது நம் கடமை. பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து இடத்தைக் காட்டுங்கள். பழைய குழி உள்ளவர்கள் கிணற்று நீரை நைத்திரேற்றுக்கும் மலக் கிருமிக்கும் சோதித்துப் பாருங்கள். மண்ணையும் நீர்மட்டத்தையும் முதலில் அறிந்து, கால்வாயா மேடா என்று தீர்மானித்த பிறகே தாங்கியின் விலையை விசாரிக்க வேண்டும். வரிசை இப்படி இருந்தால், ஒரு தலைமுறைக்கு உழைக்கும் ஏற்பாட்டை நம் ஊர் மேசனே நம் ஊர்ச் சல்லியாலும் மணலாலும் கட்டித் தந்துவிடுவார்.