முதல் நாளே எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள்

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பானாலும் ஜெர்மன் வகுப்பானாலும் முதல் நாள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. ஒவ்வொருவராக எழுந்து பெயர், ஊர், படிப்பு, பொழுதுபோக்கு எல்லாம் சொல்ல வேண்டும். கூச்சத்தைப் போக்கத்தான் இந்த ஏற்பாடு என்கிறார்கள். ஆனால் கூச்சம் வளர்வதே இங்குதான். தன் முறைக்காகக் காத்திருப்பவர் மற்றவர் பேச்சைக் கேட்பதில்லை, தன் இரண்டு வாக்கியங்களை உருப்போட்டுக்கொண்டிருக்கிறார். அமெரிக்காவில் எலைன் ஹார்விட்ஸும் சக ஆய்வாளர் இருவரும் வேற்றுமொழி வகுப்பில் எழும் பதற்றத்தை அளக்க, 33 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை 1986-இல் வெளியிட்டார்கள். தயாரிக்காமல் பேச நேரும்போது வரும் கலக்கம், மற்றவர்கள் நம்மைவிட நன்றாகப் பேசுகிறார்கள் என்ற நினைப்பு, சிரித்துவிடுவார்களோ என்ற பயம் ஆகியவை அதில் உண்டு. முதல் நாள் சுயஅறிமுகம் இந்த மூன்றையும் ஒன்றாகக் கிளப்பிவிடுகிறது. அலுவலகத்தில் பத்துப் பேரை வேலை வாங்குபவர்கூடப் புது மொழியில் மழலைச் சொற்களோடுதான் நிற்க வேண்டியிருக்கிறது. அந்தச் சிறுமையை அவர் எளிதில் மறப்பதில்லை.

கவனம் தன்மேல் இல்லாமல் கையிலுள்ள வேலைமேல் இருந்தால் வாய் தானாகத் திறக்கும் என்பதே என் வாதம். இதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய ஆங்கிலம் கற்பிக்கும் முயற்சி, பெங்களூர் திட்டம் என்று உலகெங்கும் அறியப்பட்டது. ரயில் கால அட்டவணையைப் பார்த்து விடை கண்டுபிடிப்பது போன்ற பணிகளைக் கொடுத்து, அதன் போக்கிலேயே மொழி படியவிட்டார்கள். யோசித்து விடை காணும் பணிகள் வகுப்பில் நன்றாகப் பலித்தன. சொந்தக் கருத்தையும் உணர்வையும் சொல்லச் சொல்லும் பணிகள் தொடக்கநிலை மாணவர்களுக்கு அவ்வளவு பொருந்தவில்லை. 'உங்கள் பொழுதுபோக்கு என்ன?' என்று முதல் நாளே கேட்பது இந்தக் கடினமான வகையைச் சேர்ந்தது. அதைவிட, பிறந்த மாத வரிசைப்படி எல்லோரும் நிற்க வேண்டும், புது மொழியில் மட்டுமே கேட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிப் பாருங்கள். பன்னிரண்டு மாதப் பெயர்களும் ஒரே ஒரு கேள்வியும் போதும். யாரும் தனியாக மேடையேறவில்லை, ஆனால் ஒவ்வொருவரும் பலமுறை பேசியிருப்பார்கள். இட்லியைவிடப் பூரி பிடித்தவர், சைக்கிளில் வருபவர், இரண்டு தங்கை உள்ளவர் என்று ஆள் தேடிக் கட்டம் நிரப்புவதும் இதே வகைதான்.

விளையாடிக்கொண்டிருந்தால் பாடத்தை எப்போது முடிப்பது என்று கேட்பார்கள். மாதப் பெயர்களும் கேள்வி வாக்கியமும் முதல் வாரப் பாடம்தானே! மாணவர்கள் தங்களுக்குள் பேசினால் ஒருவர் பிழை இன்னொருவருக்குத் தொற்றும் என்பது கனமான ஆட்சேபம்; பிரபுவே குழு வேலையை இந்தக் காரணத்தால் தவிர்த்தவர். ஆகவேதான் முதல் நாள் வாக்கியத்தை மாணவர் கற்பனைக்கு விடாமல் கரும்பலகையில் எழுதிவிட வேண்டும் என்கிறேன். பெரியவர்களைக் கைதட்டிப் பாடச் சொல்வது பொருந்தாது என்பதையும் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். பேசித்தானே பேச்சு வரும் என்பவர்களுக்கு, மொழி கற்பிக்க ஜேம்ஸ் ஆஷர் என்பவர் வகுத்த முறையே பதில்: ஆசிரியர் சொல்லும் கட்டளைக்கு மாணவர் எழுவார், நடப்பார், கதவைத் திறப்பார், தயாராகும்வரை வாய் திறக்க வேண்டியதில்லை. பெஞ்சை நகர்த்தவே இடமில்லாத அறுபது பேர் வகுப்பிலும் இதைச் செய்யலாம். கட்டளையை முதலில் ஆசிரியரே செய்துகாட்ட வேண்டும், அன்றைக்கு உச்சரிப்பைத் திருத்தக் கூடாது.