உங்களுக்குத் தெரியுமா? திரைக்குள் ஒரு ஜன்னல்

வீட்டின் விளக்கு, மின்விசிறி, கேமரா எல்லாவற்றையும் ஒரே திரையில் இயக்க உதவும் கட்டற்ற மென்பொருள் ஹோம் அசிஸ்டன்ட். 2013-இல் இதைத் தொடங்கியவர் பவுலஸ் ஸ்கவுட்சன்.

● அந்தத் திரைக்குள் வேறோர் இணையப் பக்கத்தையும் பதிக்கலாம். விளக்கு சுவிட்சுக்கு அருகிலேயே மழைமேக ரேடார் படம் ஓடும்! இதைச் செய்வது ‘ஐஃபிரேம்’. 1997-இல் வந்த எச்டிஎம்எல் 4.0 தரத்திலேயே இதற்கு இடம் உண்டு.

● சில பக்கங்களைப் பதித்தால் வெற்றுக் கட்டம்தான் தெரியும். அது பழுதல்ல, காவல். வங்கிப் பக்கத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் மேலே விரித்து, கீழே போலிப் பொத்தானைக் காட்டி அழுத்தவைக்கும் மோசடிக்கு 2008-இல் ‘கிளிக்ஜாக்கிங்’ என்று பெயரிட்டார்கள். அதைத் தடுக்கவே பல தளங்கள், தம்மைப் பதிக்கக் கூடாது என்று ‘எக்ஸ்-ஃபிரேம்-ஆப்ஷன்ஸ்’ குறிப்பின் மூலம் பிரவுசருக்குச் சொல்லிவிடுகின்றன.

● திரையின் முகவரி பாதுகாப்பான ‘எச்டிடிபிஎஸ்’ என்று தொடங்கி, உள்ளே பதிக்கும் பக்கத்தின் முகவரி வெறும் ‘எச்டிடிபி’ என்று தொடங்கினாலும் பிரவுசர் பொதுவாக அனுமதிக்காது.

● பதித்த பக்கத்தை நேரடியாகக் கொண்டுவருவது உங்கள் கைப்பேசியின் பிரவுசர்தான். ஆகவே 192.168 என்று தொடங்கும் முகவரியுள்ள ரவுட்டர் பக்கம், மேலே சொன்ன தடைகள் இல்லாவிட்டால், வீட்டு வைஃபையில் திறக்கும். வெளியூரில் சாதாரண மொபைல் டேட்டாவில் திறக்காது.

பதிக்க வேண்டும் என்பதற்காக, கடவுச்சொல் கேட்கும் பக்கத்தின் காவலை மட்டும் ஒருபோதும் தளர்த்தாதீர்கள்!